காமாவுக்குக் கீழே ஒரு ‘டி’

திரையில் சிவப்பு எழுத்து தெரிந்தால் செலினாவால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. லேடெக் என்ற கணிதத் தட்டச்சு மென்பொருளில் கட்டுரை தட்டுகிறவர்களுக்கு அது அன்றாடம் வருகிற தொல்லைதான். எங்காவது ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் போதும், கீழே வரிசையாகச் சிவப்பில் பிழைச்செய்தி வந்து நிற்கும். கள்ளக்குறிச்சியில் அந்தக் கல்லூரியின் கணிதத் துறையில் அவளோடு ஆராய்ச்சி செய்தவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். செலினா போகமாட்டாள். சிவப்பு மறையும்வரை வரிவரியாகத் தேடி, மறைந்த பிறகுதான் எழுந்திருப்பாள்.

அவள் களமருதூர் பக்கத்துப் பெண். அப்பா சேவியர்ராஜ் நெல் விவசாயி. மூன்று பெண்களில் இவள்தான் படிப்பைப் பிடித்துக்கொண்டாள். எம்.எஸ்சி. முடித்ததும் கல்யாணப் பேச்சு வந்தபோது, “பிஎச்.டி. முடிச்சிட்டுத்தான்” என்று ஒரே வார்த்தையில் சொன்னாள். அப்பா, “எத்தினி வருசம் ஆவும்?” என்று மட்டும் கேட்டார். சீக்கிரம் முடித்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கு அவளை எப்போதும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது.

அவளோடு அதே ஆண்டு சேர்ந்தவன் மாயவன். கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையைத் தாண்டி உள்ள ஒரு சிற்றூர் அவனுக்கு. வீட்டில் மரவள்ளியும் சாமையும் போடுவார்கள். அவன் செலினாவுக்கு நேர்மாறு. மேசை முழுக்கக் காகிதம், காகிதம் முழுக்கப் புள்ளியும் கோடும். நினைத்ததைச் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வான். ஆனால் சொல்லிவிட்டால் அதில் திருத்த ஒன்றும் இருக்காது. இருவருக்கும் வழிகாட்டி ஒருவரே, பேராசிரியர் அரங்கநாதன்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் கோட்டுருவியல். புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். அதில் ஒரு கேள்வி உண்டு. எல்லாப் புள்ளிகளையும் கண்காணிக்கக் குறைந்தது எத்தனை புள்ளிகளில் ஆள் போட வேண்டும்? ஒரு நாள் ஆய்வகத்துக்கு வந்த இளங்கலை மாணவர்களுக்கு மாயவன் அதைத் தன் மலையை வைத்தே விளக்கினான்.

“ஒரு ஊர்ல நர்ஸ் இருந்தா அந்த ஊரையும் பார்ப்பாங்க, பாதை போற பக்கத்து ஊரையும் பார்ப்பாங்க. எல்லா ஊருக்கும் ஆள் கெடைக்கிற மாதிரி எத்தினி நர்ஸ் போடணும்? இது ஒரு கணக்கு. இன்னொன்னு இருக்குது. அந்த நர்ஸுக்கே ஒடம்பு முடியலன்னா? அவங்களப் பாக்க பக்கத்து ஊர்ல இன்னொரு நர்ஸ் வேணும் இல்ல? அப்டி பாத்தா எத்தினி? ரெண்டும் வேற வேற கணக்கு.”

முதல் கணக்குக்குக் குறி, காமா என்ற கிரேக்க எழுத்து. இரண்டாவதற்கும் அதே காமாதான், காலடியில் மட்டும் ஒரு சிறிய ஆங்கில எழுத்து ‘டி’ நிற்கும். அந்தச் சிற்றெழுத்தைத் தவிர இரண்டுக்கும் பார்வைக்கு வேறுபாடு கிடையாது.

இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். முன்னுரையும் வரையறைகளும் செலினாவுடையவை. மூன்றாம் பகுதி இருவரும் கரும்பலகை முன்னால் நின்று சண்டைபோட்டுச் செய்தது. நான்காம் பகுதி முழுக்க மாயவனுடையது. நர்ஸுக்கும் நர்ஸ் வேண்டும் என்ற அந்த இரண்டாவது கணக்குக்கு, ஆட்கள் இதற்குக் கீழே குறையவே முடியாது என்று ஓர் எல்லையை நிறுவியிருந்தான். கட்டுரையின் உயிரே அந்தத் தேற்றம்தான் என்று அரங்கநாதன் சார் சொன்னார். ஆளுக்கொரு பகுதியைத் தனித்தனிக் கோப்பில் வைத்திருந்தார்கள். ஒரு தலைமைக் கோப்பு அவற்றை வரிசையாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அவரவர் கோப்பில் அவரவர் வசதிக்குக் குறிகளுக்குச் சுருக்கப் பெயர் வைத்துக்கொள்ளலாம். நீளமாகத் தட்டுவதற்குப் பதில் அந்தப் பெயரைத் தட்டினால் போதும், குறி தானாக வரும். ஒரு கோப்பில் வைத்த பெயர் அந்தக் கோப்புக்குள் மட்டும்தான் செல்லும்.

அனுப்ப வேண்டிய நேரத்தில்தான் சிக்கல் வந்தது. அந்த ஆய்விதழின் இணையதளம் தனித்தனிக் கோப்புகளை ஏற்காது. மூலம் முழுவதும் ஒரே கோப்பாக இருக்க வேண்டும். சிறப்பிதழுக்கான கடைசி நாள் அந்த வாரச் சனிக்கிழமை. மாயவனின் அப்பா மலையில் படுத்த படுக்கையாகிவிட்டதாகச் செய்தி வந்து அவன் புதன்கிழமையே கிளம்பியிருந்தான். கிளம்பும்போது பேருந்து நிலையத்திலிருந்து போன் செய்தான்.

“செலினா, ஃபைல ஒட்டுற வேலைய இப்ப செய்யாத. நான் வந்துடறேன், ரெண்டு பேரும் உக்காந்து ஒட்டலாம். என் குறி உன் குறி எல்லாம் ஒத்துப் பாக்கணும்.”

“சனிக்கெழமக்குள்ள வந்துடுவியா?”

“அப்பாவப் பாத்துட்டு வந்துடறேன்.”

வெள்ளிக்கிழமை வரை அவன் வரவில்லை. அவன் ஊரில் அப்போது கைபேசிக் கோபுரம் கிடையாது. அடித்து அடித்துப் பார்த்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. அரங்கநாதன் சாரிடம் போய், அடுத்த இதழுக்கு அனுப்பலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அடுத்த இதழ்னா ஒரு வருஷம் போயிடும்மா. ஃபைல் ஒட்டுறதுக்கு ரெண்டு பேர் எதுக்கு? எழுதி முடிச்சதுதானே? ஒட்டி அனுப்பிட்டு அவன்கிட்ட சொல்லிக்கலாம்.”

அவளுக்கும் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. பல்கலைக்கழகம் கேட்கும் கட்டுரைகளில் அவளுக்கு ஒன்று பாக்கி, மாயவனுக்கும் அப்படியே. அவனுக்கும் சேர்த்துத்தானே செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்வகத்தில் உட்கார்ந்தாள்.

வேலை சுலபமாகத்தான் இருந்தது. தலைமைக் கோப்பில் ஒவ்வொரு பகுதியும் நுழையும் இடத்தில் அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தையே கொண்டுவந்து வைத்தாள். ஆங்காங்கே சிதறிக் கிடந்த சுருக்கப் பெயர்களை எல்லாம் எடுத்து முகப்பில் ஒழுங்காக அடுக்கினாள். ஓட்டிப் பார்த்தால் சிவப்பு. ஒரே பெயரை இரண்டு முறை வரையறுத்திருக்கிறீர்கள் என்றது. காமாவுக்கு அவள் வைத்திருந்த அதே பெயரை மாயவனும் தன் கோப்பில் வைத்திருந்தான். ஒரே குறிக்கு இரண்டு பேரும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம், இரண்டு வரி எதற்கு என்று, அவன் வரியைப் படிக்காமலேயே அழித்தாள். சிவப்பு மறைந்தது. கட்டுரை ஒழுங்கான ஒரே ஆவணமாக வந்து நின்றது. பார்க்க அழகாக இருந்தது. அனுப்பிவிட்டாள்.

அவன் வரியில் அந்தப் பெயருக்கு அர்த்தம், காலடியில் ‘டி’ உள்ள காமா. தன் பகுதியில் எந்தத் தேற்றம் எந்தக் கணக்கைப் பற்றியது என்பதை அவன் சொல்லில் எழுதவில்லை. குறியே சொல்லிவிடும் என்று நம்பியிருந்தான். வரி அழிந்ததும், அவன் பகுதியில் இருந்த அத்தனை ‘டி’யும் ஒன்றுவிடாமல் மறைந்துபோயின. பிழை என்று கணினி எதையும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதன் கணக்கில் பிழையே இல்லை.

மாயவனின் அப்பா அந்த வாரமே இறந்துபோனார். காரியங்கள், பங்காளிகள், நிலம், அம்மா என்று அவன் மலையிலேயே இருக்க வேண்டியதாயிற்று. இடையிடையே கீழே இறங்கி வருவான், ஒரு நாள் இருப்பான், போய்விடுவான். கட்டுரை அனுப்பியாயிற்று என்று சொன்னபோது, “சரி பாப்போம்” என்றான். குறிகளைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் அவன் இல்லை.

சில மாதங்கள் கழித்து மதிப்பீட்டாளரின் குறிப்பு வந்தது. அரங்கநாதன் சார் செலினாவைத் தன் அறைக்கு அழைத்துத் திரையைத் திருப்பிக் காட்டினார். முதல் மூன்று பகுதிகளுக்கும் பாராட்டு. நான்காம் பகுதித் தேற்றம் தவறு. மிக எளிய நட்சத்திரக் கோட்டுருவிலேயே அது பொய்த்துவிடுகிறது, ஆசிரியர்கள் இதைக்கூடச் சரிபார்க்கவில்லையா என்று அவர் எழுதியிருந்தார்.

நட்சத்திரம் என்றால் நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் உள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் அதிலிருந்து மட்டுமே கோடு. நடு ஊரில் ஒரு நர்ஸ் போட்டால் எல்லா ஊருக்கும் போதும். மாயவனின் தேற்றமோ இரண்டு பேர் வேண்டும் என்றது. செலினா அங்கேயே ஒரு தாளில் வரைந்து பார்த்தாள். ஒருவர் போதும். மதிப்பீட்டாளர் சொல்வது சரி.

“ஸ்டார்லயே அடி வாங்குதும்மா,” என்றார் சார். “பிள்ள கெட்டிக்காரன்தான். வீட்டுக் கவலைல கவனிக்காம விட்டுட்டான் போல.”

செலினாவுக்குக் காதெல்லாம் சூடாயிற்று. இவ்வளவு எளிய தவறு தன் பெயர் போட்ட கட்டுரையில் போய்விட்டதே என்ற வெட்கம். இத்தனை நாள் மாயவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பியதற்கு அவன்மேல் கோபம்.

“இப்ப இன்னா சார் பண்றது?”

“நாலாவது செக்‌ஷன எடுத்துடு. மிச்சத்துக்கு ஒத்துக்கறேன்னுதான் எழுதியிருக்காரு. அவன் பேர ஆசிரியர் வரிசைல எடுத்துட்டு நன்றியுரைல போட்டுடலாம். தப்பான தேற்றத்துக்குப் பேர் போட்டா அவனுக்குத்தான் கெட்ட பேரு.”

மூன்றாம் பகுதியில் பாதி அவனுடையதுதானே சார் என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. கரும்பலகையில் அவன் வரைந்த படங்கள்கூடக் கண்முன் நின்றன. ஆனால் கோபம் இன்னும் ஆறவில்லை. தலையாட்டிவிட்டு வந்தாள்.

அன்று மாலை அவள் அடித்தபோது தற்செயலாக மாயவனின் போன் கிடைத்தது. ஏதோ வேலையாகக் கச்சிராயபாளையம் வந்திருந்தான்.

“மாயவா, உன் தேற்றம் ஸ்டார்ல பொய்யாவுதாம். ரெபரி எழுதியிருக்காரு.”

“இன்னாது? ஸ்டார்லயா? அப்டி வராதே.”

“நானும் போட்டுப் பாத்தேன். வருது.”

பேருந்து இரைச்சலுக்கு மேல் அவன் குரலை உயர்த்தினான். “நான் வந்து பாக்கறேன். அதுவரைக்கும் ஒண்ணும் அனுப்பாதீங்க,” என்றான்.

அவன் வருவதற்குள் சார் திருத்திய கட்டுரையை அனுப்பிவிட்டிருந்தார். வந்தவன் ஆய்வகத்தில் முதலில் அனுப்பிய கட்டுரையின் அச்சுப்படி ஒன்றை எடுத்து நின்றுகொண்டே படித்தான். பிறகு சார் அறைக்குப் போனான். வெகுநேரம் கழித்து வெளியே வந்து செலினாவின் மேசைப் பக்கம் நின்றான். அவள் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ ஒட்டுனதுதானே,” என்றான். “நல்லா ஒட்டுன.”

வேறெதுவும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போனான். தவறு செய்தவனுக்குக் கோபம் வேறா என்று செலினா நினைத்தாள். எழுந்து பின்னால் போய் என்னவென்று கேட்கத் தோன்றவில்லை.

அதன்பின் எல்லாம் அவள் விரும்பியபடியே நடந்தது. கட்டுரை வந்தது. ஆய்வேட்டைக் கொடுத்தாள். பட்டம் வாங்கினாள். ஆல்பர்ட் என்ற பள்ளி ஆசிரியரோடு கல்யாணம் ஆயிற்று. திருக்கோவிலூரில் ஒரு கல்லூரியில் வேலையும் கிடைத்தது. மாயவன் துறைக்கு வருவது குறைந்து, பிறகு நின்றுபோயிற்று. அவனுடைய ஆராய்ச்சிப் பதிவுக்காலம் முடிந்து காலாவதியாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அடுத்த ஆண்டு வேறொரு நாட்டிலிருந்து ஒருவர் காலடியில் ‘டி’ உள்ள காமாவுக்கு ஓர் எல்லையை நிறுவிக் கட்டுரை வெளியிட்டார். செலினா அதன் தலைப்பை எங்கோ பார்த்தாள். உள்ளே போய்ப் படிக்கவில்லை. வகுப்பு, விடைத்தாள், குழந்தை என்று அவள் நாட்கள் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தன.

சென்ற ஆண்டு கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்கு லேடெக் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பல கோப்புகளை ஒன்றாக்கி அனுப்புவது எப்படி என்ற பாடம் செலினாவுக்கு வந்தது. அதுவரை அவள் அதை யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. காலை வேளை, ஜன்னல் வழியே நல்ல வெயில். பலகையில் இரண்டு கட்டம் வரைந்து, இரண்டையும் ஒரு பெரிய கட்டத்துக்குள் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் இருந்த அபிநயா என்ற மாணவி கை தூக்கினாள்.

“மேம், ரெண்டு ஃபைல்லயும் ஒரே பேர் வெச்சிருந்தா?”

“எர்ரர் வரும்மா. ஒண்ண அழிச்சிட்டா போயிடும்.”

“ரெண்டும் வேற வேற குறின்னா மேம்? யாரோட வரிய அழிச்சமோ அவங்க குறி எல்லாமே மத்தவங்க குறியா மாறிடாதா? எர்ரரும் காட்டாதே?”

“அதனாலதான் அழிக்கறதுக்கு முன்னாடி...” என்று ஆரம்பித்த செலினா நிறுத்தினாள்.

எந்தக் கோப்பையும் திறந்து பார்க்க அவளுக்குத் தேவைப்படவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மதியமும் தான் படிக்காமல் அழித்த வரியும் அப்படியே நினைவில் இருந்தன. நடு ஊரில் ஒரு நர்ஸ். அந்த நர்ஸுக்கு உடம்பு சரியில்லை என்றால் பக்கத்து ஊரில் இன்னொருவர். இரண்டு. மாயவன் இரண்டு என்றுதான் எழுதியிருந்தான்.

“மேம்?” என்றாள் அபிநயா.

செலினா பலகையைப் பார்த்தபடியே, “ஆமாம்மா, மாறிடும். நீ சொல்றது சரி,” என்றாள். அதற்குமேல் பாடம் நடத்த முடியவில்லை. தலைவலி என்று சொல்லி வகுப்பை முடித்துக்கொண்டாள்.

அடுத்த வார இறுதியில், உண்மையை ஆல்பர்ட்டிடம் மட்டும் சொல்லிவிட்டு, தனியாகவே பேருந்து ஏறினாள். கள்ளக்குறிச்சியில் மாறி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக வளைந்து வளைந்து மேலே ஏறியது வண்டி. ஆராய்ச்சி செய்த காலத்தில் அவன் அழைத்தும் அவள் ஒருமுறைகூட மலைக்கு வந்ததில்லை. வெள்ளிமலையில் இறங்கி விசாரித்தபோது, “கணக்கு வாத்தியாரா? காட்டுல கெழங்கு புடுங்கிக்கினு இருப்பாரு, இன்னிக்கு லாரி வந்துருக்குது” என்று ஒரு கடைக்காரர் வழி சொன்னார். அங்குள்ள ஒரு பள்ளியில் அவன் தற்காலிக ஆசிரியராக இருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போகும் லாரியில் மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாயவன் மேலே நின்று மூட்டைகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தான். தலைமுடி முன்பக்கம் ஏறியிருந்தது. அவளைப் பார்த்ததும் கை நின்றது. பிறகு கீழே இறங்கி மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தான்.

“வாங்க மேடம்.”

முன்பெல்லாம் அவன் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். அந்த ‘மேடம்’ அவளைச் சொல்ல வந்ததையே மறக்கச் செய்தது. “உன்கிட்ட பேசணும்” என்றாள்.

“லாரிக்காரன் போயிடட்டும். வூட்டுக்குப் போங்க, தங்கமணி இருக்குது.”

தங்கமணி அவன் மனைவி. யார், எவர் என்று கேட்காமல் தண்ணீர் கொடுத்து, அவித்த கிழங்கைத் தட்டில் வைத்தாள். “காலேஜுல ஒண்ணா படிச்சவங்களா? அவுரு அந்தப் பேச்சே எடுக்கமாட்டாருங்க” என்றாள். செலினாவால் கிழங்கைத் தொட முடியவில்லை.

மாயவன் வந்து எதிரில் உட்கார்ந்ததும் அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். கோப்புகளை ஒட்டியபோது அவன் வரியைப் படிக்காமல் அழித்தது, ‘டி’ எல்லாம் போனது, தேற்றம் சரியாகவே இருந்தது, அது தனக்குப் போன வாரம்தான் புரிந்தது. சொல்லி முடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஆச்சரியம் இருந்தது. ஆனால் அவள் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

“போன வாரமா?” என்றான்.

“ஆமாம்.”

“அப்போ உனக்கு அப்ப தெரியாதா?”

“தெரியாது மாயவா.”

“நெசமாவே?”

“மாதா மேல சத்தியமா.”

அவன் எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பினான். “எனக்கு அன்னிக்கே தெரியும். லேப்ல அந்தப் பிரிண்ட எடுத்தவுடனே கண்ணுல பட்டுச்சு. ஒரு காமாவுக்குக் கீழகூட டி-யக் காணோம். சார்கிட்ட போய்ச் சொன்னேன். செலினாவுக்குத் தெரியுமா சார்னு கேட்டேன். ‘அவதானப்பா ஒட்டுனா, அவளுக்குத் தெரியாம இருக்குமா’ன்னாரு. தெரிஞ்சேதான் நீ எடுத்துட்டன்னு நெனச்சுக்கினேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?”

“நீ என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? எம் பேர எடுக்கறதுக்கு முன்னாடி?”

தங்கமணி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

“அத தனியா எழுதி அனுப்பலாம்னுதான் இருந்தேன்,” என்றான் மாயவன். “அப்பா போயி, பங்காளிங்க தகராறு. எழுத உக்காந்தா உன் மேலதான் கோவம் வரும். பாதிலயே வெச்சிடுவேன். அப்பறம் பாத்தா வேற எவனோ போட்டுட்டான். சரி, நமக்கு அவ்ளோதான்னு விட்டுட்டேன்.”

“என் தப்புதான்.”

“இத்தினி வருசமா உன்னத் திட்டிக்கினே இருந்தேன் செலினா. மனசுக்குள்ளதான். கெழங்கு நடும்போது, கிளாஸ் எடுக்கும்போது, எப்பவும். இப்ப வந்து தெரியாதுன்ற. திட்டுனதும் வீணாப் போச்சு.” சிரிப்பது போல ஒரு சத்தம் வந்தது. “அந்தக் கோவமாவது மிச்சம் இருந்துச்சு.”

மறுபடி பதிவு செய்து ஆராய்ச்சியைத் தொடரலாம், தானே எல்லா ஏற்பாடும் செய்கிறேன் என்று அவள் சொன்னாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. பள்ளியில் அவனை விட்டால் கணக்குக்கு ஆள் இல்லை. அதெல்லாம் சொன்னான். பிறகு, “ஆச கம்மியாயிடுச்சு” என்றான். முன்னால் சொன்ன காரணங்கள் எல்லாவற்றையும்விட அதுதான் அவளுக்கு வலித்தது. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று தங்கமணி நினைவுபடுத்தினாள். மாயவன் சாலைவரை கூட வந்தான்.

மறுவாரம் செலினா திருநாவலூருக்குப் போனாள். ஓய்வு பெற்ற அரங்கநாதன் சார் அங்கேதான் இருந்தார். முதலில் நினைவில்லை என்றார். அவள் அன்று நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“வந்தான்மா. டி விட்டுப் போச்சுன்னான். சரியாத்தான் சொன்னான். ஆனா அப்பதான் திருத்துனத அனுப்பியிருந்தோம். மறுபடி மாத்தறேன்னா மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயம். உன் தீசிஸ் நின்னுடும். உங்கப்பா வேற என்னப் பாக்கும்போதெல்லாம் எப்ப முடியும் எப்ப முடியும்னு கேப்பாரு. அவன் சின்ன வயசு, தனியா எழுதிக்குவான்னு நெனச்சேன்.”

“என்கிட்ட ஏன் சார் சொல்லல?”

“சொன்னா நீ நிறுத்தியிருப்ப,” என்றார்.

நிறுத்தியிருப்பேனா என்று திரும்பி வரும் வழியெல்லாம் செலினா யோசித்தாள். நிறுத்தியிருப்பேன் என்று உறுதியாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அன்றைக்கு இருந்த செலினாவை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நடந்ததை விளக்கி, ஆசிரியர்களில் மாயவன் பெயரைச் சேர்க்கும்படி ஆய்விதழுக்கு எழுதினாள். சாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த இதழ் கைமாறி வேறு யாரோ நடத்திக்கொண்டிருந்தார்கள். பதிலே வரவில்லை. கடைசியில், ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளை ஏற்றிவைக்கும் ஒரு பொது இணையதளத்தில் நான்கு பகுதிகளும் அடங்கிய பழைய முழுக் கட்டுரையை ஏற்றலாமா என்று மாயவனுக்குச் செய்தி அனுப்பினாள். இப்போது அவன் ஊரில் போன் வேலை செய்தது. இரண்டு நாள் கழித்து ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது: “போடுங்க.”

இந்த முறை அவள் ஒவ்வொரு கோப்பிலும் இருந்த ஒவ்வொரு சுருக்கப் பெயரையும் வெவ்வேறாக மாற்றி, நான்காம் பகுதியில் ஒவ்வொரு காமாவுக்குக் கீழேயும் விரலை வைத்துப் பார்த்தாள். சிவப்பு எழுத்து எதுவும் வராதபோதும் திரும்பத் திரும்பப் படித்தாள். முதல் ஆசிரியர் மாயவன், இரண்டாவது அவள். அடிக்குறிப்பில் எழுதினாள்: இந்தத் தேற்றம் பின்னர் வேறொருவரால் தனியே நிறுவப்பட்டு வெளியாகியுள்ளது. இக்கட்டுரையின் முதல் வடிவில் அது தவறாகத் தோன்றியதற்குக் காரணம், கோப்புகளை இணைத்தவரின் பிழை. அவர் இரண்டாம் ஆசிரியர்.

ஏற்றிவிட்டு மாயவனுக்கு இணைப்பை அனுப்பினாள். எங்கெங்கோ உள்ள சிலர் அதைத் திறந்து பார்த்ததாகத் தளம் காட்டியது. ஏற்கெனவே தெரிந்த முடிவு என்பதால் யாரும் அதைப் பற்றி எழுதவில்லை.

பத்து நாள் கழித்து அவனிடமிருந்து செய்தி வந்தது. முழுவதும் படித்திருக்கிறான். “கடைசிப் பக்கத்துல ஒரு மேற்கோள் நம்பர் தப்பா இருக்குது. மாத்திடுங்க.”

வகுப்புக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து மாற்றினாள். மாற்றிவிட்டேன், வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு எழுதினாள். அவன் படித்துவிட்டான் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை. வேலையாக இருப்பான் என்று முதல் வாரம் நினைத்தாள். பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டாள்.